கூப்பிடக் கூடாத எண்கள்

உத்திரமேரூரிலிருந்து சென்னைக்குக் கால் சென்டர் வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் ஹெட்செட் மாட்டிப் பேசினார்கள். எனக்குக் கிடைத்தது, தானே எண்களை அடிக்கும் டயலருக்குப் பட்டியல் ஏற்றும் வேலை. கூப்பிட வேண்டிய எண்கள் அடங்கிய லீடு ஃபைல் வந்ததும் இரட்டித்த எண்களை எடுத்துவிட்டு, கூப்பிடக் கூடாத எண்களைக் கழித்து, மிச்சத்தை ஏற்ற வேண்டும். கழிப்பதற்கு எங்கள் பேச்சில் ‘ஸ்க்ரப்’ என்று பெயர். வெளியே யாருக்கும் தெரியாத வேலை. ஆனால் ஒரு வீட்டில் மத்தியானத் தூக்கம் கெடுவதும் கெடாததும் அங்கேதான் முடிவாகிறது என்று அன்றைக்கே நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

பிரெடிக்டிவ் டயலர் ஒரு எண்ணை அடித்துவிட்டு எடுக்கட்டும் என்று காத்திருக்காது. பேசப் பத்துப் பேர் இருந்தால், எத்தனை பேர் போனை எடுப்பார்கள் என்று தானே கணக்குப் போட்டு, அதற்கும் கூடுதலான எண்களை ஒரே நேரத்தில் அடிக்கும். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் எடுத்துவிட்டால் பேச ஆள் இருக்காது. ‘அலோ, அலோ’ என்று போனை எடுத்தவர்கள் கத்த, அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் கட்டாகும். அப்படி ஓடும் இயந்திரத்துக்கு யாரை விட்டுவிட வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். எண் ஏறிவிட்டால் அது அடித்தே தீரும்.

கூப்பிடக் கூடாதவரைக் கழிக்கும் இந்த வழக்கம் அமெரிக்காவில் சட்டமாயிற்று. அங்கே 1991ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி வந்த விதிகளின்படி, ‘வேண்டாம்’ என்றவர்களின் பட்டியலை ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். அதாவது ஒருவர் நூறு கம்பெனிக்கும் நூறு முறை சொல்ல வேண்டியிருந்தது. நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு 2003 ஜூன் 27 அன்று திறந்தது, அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய எண் தங்கிவிடக் கூடாது என்பதற்காக 31 நாளுக்கு ஒருமுறையாவது பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும் என்று பின்னால் விதி வந்தது. அமெரிக்கர்களைக் கூப்பிட இரவு ஷிஃப்டில் உட்கார்ந்த நம் ஊர்ப் பிள்ளைகள் இதை முதலில் கற்றுக்கொண்டார்கள். தங்கள் வீட்டுப் போனுக்கு அந்தப் பாதுகாப்பு வருவதற்கு முன்பே!

இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2007இல் விதி கொண்டுவந்து, அக்டோபரில் பதிவேட்டைத் தொடங்கியது. 1909க்குச் சொன்னால் பெயர் ஏறும். ஆனால் ஏறியது நடப்புக்கு வர 45 நாள். புது விதி 2010 டிசம்பரில் வெளியாகி, தள்ளித் தள்ளி 2011 செப்டம்பர் 27 அன்று அமலுக்கு வந்தது. 45 நாள் 7 நாளாயிற்று. பதிவு செய்த டெலிமார்க்கெட்டர் 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் கூப்பிட வேண்டும். இரவு 9 முதல் காலை 9 வரை கூப்பிடவே கூடாது என்றது அந்த விதி. முழுக்க மறுக்க விருப்பமில்லாதவர்களுக்கு அப்போது ஏழு வகை: வங்கியும் காப்பீடும் 1, வீடு மனை 2, கல்வி 3, இப்படிச் சுற்றுலா வரை.

எங்கள் பக்கத்தில் எப்போதும் தொல்லை கொடுத்தது இரண்டாம் வகையான வீடு மனைதான். ஒரு மாலை பக்கத்து வீட்டுப் பெரியம்மா கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர், மகன் வெளிநாட்டிலிருந்து பேசுகிறான் என்று ஈரக்கையோடு ஓடிவந்து போனை எடுத்தார். ‘மேடம், உத்திரமேரூர் பக்கத்துல டிடிசிபி அப்ரூவ்டு மனை’ என்றது ஒரு பெண் குரல். பெரியம்மா பொறுமையாகவே சொன்னார்: ‘அந்த இடம் ஏரிப் பாசன நெல்லு வயலும்மா. நான் அங்க நாத்து நட்டிருக்கேன். இனிமே போன் பண்ணாத.’ அவர் எண் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 1909 என்று ஒன்று இருப்பது அன்றுவரை அவருக்குத் தெரியாது.

‘இனிமே போன் பண்ணாத’ என்று ஒருவர் சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் இந்த வரலாற்றில் எழுதப்படாத பகுதி. பேசுகிறவர் திரையில் சில பட்டன்கள் இருக்கும்: சேல், கால்பேக், நாட் இன்ட்ரஸ்டட், ராங் நம்பர், டி.என்.சி. (டு நாட் கால்). கடைசியை அழுத்தினால் அந்த எண் திரும்ப வரவே வராது. ‘நாட் இன்ட்ரஸ்டட்’ அழுத்தினால் சில வாரம் கழித்து அதே எண் வேறொருவர் திரையில் வந்து நிற்கும். லீடு காசு கொடுத்து வாங்கியது, டி.என்.சி. கூடினால் டீம் லீடர் முகம் மாறும். இருபது வயதுப் பிள்ளை எந்தப் பட்டனை அழுத்துவாள்? அரசாங்கம் எத்தனை பதிவேடு போட்டாலும் பெரியம்மாவின் வார்த்தை அந்த ஒரு விரலைக் கடந்துதான் பட்டியலுக்குப் போக வேண்டும்.

எங்கள் ஊருக்குப் பட்டியல் புதிதல்ல. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன: கி.பி. 919இல் ஒன்று, 921இல் அதைத் திருத்தி இன்னொன்று. குடவோலை முறை என்று எல்லோரும் வாக்குச் சீட்டைத்தான் பேசுகிறார்கள். அந்தச் சுவரில் எனக்கு வியப்பாக இருப்பது விலக்கும் பகுதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவனோடு நிற்கவில்லை, சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், மாமனார், மைத்துனன், மருமகன் என்று ஒவ்வொரு உறவாகச் சொல்லி விலக்குகிறது. குடத்திலிருந்து ஓலையை எடுப்பது ஒன்றும் அறியாத சிறுவன். வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும், பிறகு எல்லோர் காதிலும் விழ வாசிக்க வேண்டும். அது பிராமணர் ஊர்ச்சபை. என் முன்னோர் பெயர் அந்தக் குடத்தில் விழுந்திருக்காது. பெண்ணுக்கு அங்கே இடமே இல்லை. ஆனாலும் விலக்கு விதி சுவரில் இருந்தது. சபையில் எவனும் சுவரைக் காட்டிக் கேட்கலாம். கூப்பிடக் கூடாதவர் பட்டியலில் சேர்ந்த ஒருவர், தன் எண் உண்மையாகவே கழிக்கப்பட்டதா என்று எதைக் காட்டிக் கேட்பார்?

இந்தக் குறையை 2018 விதிகள் ஓரளவு தொட்டன. கழிக்கும் வேலை டெலிமார்க்கெட்டர் கையிலிருந்து தொலைபேசிக் கம்பெனிகளின் பிளாக்செயின் பதிவேட்டுக்குப் போனது. அனுப்புகிறவர் பெயரும் குறுஞ்செய்தியின் வாசகமும்கூட முன்பே பதிவாகியிருக்க வேண்டும். 2021 மார்ச் 8 அன்று அதைக் கண்டிப்பாக அமல்படுத்தியபோது, வாசகம் பொருந்தவில்லை என்று வங்கி ஓடிபிகளும் கோவின் ஓடிபிகளும் நின்றுபோயின. மறுநாளே ஏழு நாளைக்கு நிறுத்திவைத்தார்கள். வேண்டாததைத் தடுக்கும் சல்லடை வேண்டியதையும் தடுத்த நாள் அது.

இதற்குள் மனை விற்பவர்கள் சாதாரணப் பத்து இலக்க சிம்முக்குப் போய்விட்டார்கள். பதிவே செய்யாதவனுக்குப் பட்டியலும் கிடையாது, 140ம் கிடையாது. ஒழுங்காகப் பதிவு செய்தவன் மட்டும் கட்டுப்பட்டான். 2024 ஆகஸ்டில் டிராய் அத்தகையவர்களின் இணைப்புகளைத் துண்டிக்கச் சொன்னது. ஒரு மாதத்துக்குள் 2.75 லட்சத்துக்கும் மேல் துண்டிக்கப்பட்டன.

2025 பிப்ரவரித் திருத்தத்தைத்தான் நான் பெரிய மாற்றமாகப் பார்க்கிறேன். பதிவில்லாதவர்மீது புகார் செய்ய இனி கூப்பிடக் கூடாதவர் பட்டியலில் பதிந்திருக்கத் தேவையில்லை. புகார் செய்ய இருந்த மூன்று நாள் அவகாசம் ஏழு நாளாயிற்று. முன்பு நடவடிக்கை எடுக்க ஒரு எண்மீது ஏழு நாளில் 10 புகார் வேண்டியிருந்தது. இப்போது பத்து நாளில் 5 போதும். பதிவில்லாதவர்மீது நடவடிக்கைக்கு 30 நாள் இருந்தது, 5 நாளாகக் குறைந்தது. பெரியம்மா மாதிரி எந்தப் பட்டியலிலும் இல்லாதவர் சொல்லுக்கு முதல் முறையாகச் சட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஐந்து புகார் என்பது எங்கள் தெருவிலேயே சேரக்கூடியது. அதனால் யார் வீட்டுக்கு மனைக்காரர் போன் வந்தாலும் எண், தேதி, என்ன விற்றார்கள் என்று மூன்றையும் காலண்டர் தாளில் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். தாள் என் கைக்கு வந்த அன்றே, அவரவர் போனிலிருந்தே 1909க்கு அனுப்பிவிடுகிறோம்.