மினியேச்சரும் செந்தூரமும்

பாரசீக அரசவைக் காட்சிகளைத் தீட்டிய நீர்வண்ணப் படங்களை ‘மினியேச்சர்’ என்கிறோம். ‘மினி’ காதில் விழுந்ததுமே ‘சிற்றோவியம்’ ஆக்கிவிடுகிறோம். வேரில் சிறுமை கிடையாது. இலத்தீனில் ‘மினியம்’ ஈயச் செந்தூரம். ஏட்டெழுத்துகளுக்கு அதைப் பூசுவது ‘மினியாரே’. அதிலிருந்தே இத்தாலியரின் ‘மினியதூரா’, ஏட்டில் தீட்டிய படம். ‘மினிமம்’ போன்றவற்றின் ஒலிச்சாயலால் ‘சிறியது’ என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. பாரசீக மன்னர் ஷா தஹ்மாஸ்பின் ‘ஷாநாமா’ காவிய ஏட்டில் 258 படங்கள். அதில் ஓவியர் சுல்தான் முகம்மது தீட்டிய கயூமர்ஸ் மன்னரின் அரசவைப் படத்தில் மன்னர் மலைமேல். சிறுத்தைத்தோல் உடுத்திய அவையினர் கீழே. பாறைகளுக்குள்ளும் ஒளிந்த முகங்கள். இதையா சிறியது என்பது? பாரசீகத்தில் ‘நிகார்’ என்றால் படம், காதலியும்கூட. அந்தக் குறும்பு தமிழில் வராது. ‘நுண்ணோவியம்’ பரவாயில்லை, என் ஓட்டு ‘ஏட்டோவிய’த்துக்கே.