விக்ராந்த் வேஷம் போட்ட பழைய கப்பல்

மேட்டூர்க்காரனுக்குப் பெரிய தண்ணின்னா அது டேம்தான். ஆனா இன்னைக்கு எபிசோட் ஒரு போர்க்கப்பலைப் பத்தி.

ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம், 1950-கள்ல நெதர்லாந்து 12 டெஸ்ட்ராயர்களைச் சொந்தமா கட்டிக்கிச்சு. டெஸ்ட்ராயர்னா நாசகாரிக் கப்பல். அப்பதான் சுதந்திரம் வாங்கின இந்தியாவால அப்படிக் கட்ட முடியல. பிரிட்டன்கிட்ட இருந்து மூணு கப்பலை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினோம்: ராஜ்புத், ரஞ்சித், ராணா. மூணுமே 1942-ல தண்ணியில இறங்கினவை. 1949-ல நம்ம கடற்படைக்கு வந்துச்சு.

1971. ராஜ்புத்துக்கு வயசு 29. அப்போ நம்மகிட்ட இருந்த ஒரே விமானந்தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விக்ராந்த். அதோட பாய்லர்ல விரிசல், முழு வேகத்துல ஓட முடியாது. அதைத் தேடித்தான் நவம்பர் 14-ம் தேதி கராச்சியில இருந்து காஸி நீர்மூழ்கி கிளம்புச்சு. பாகிஸ்தான்கிட்ட வங்காள விரிகுடா வரைக்கும் வர்ற திறன் இருந்த ஒரே நீர்மூழ்கி அதுதான்.

கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், நாகர்கோவில்ல பிறந்தவர். விக்ராந்தை அவர் அந்தமான்ல ஒளிச்சு வெச்சார். ராஜ்புத்தை விசாகப்பட்டினத்துல இருந்து 160 மைல் தள்ளி அனுப்பி, "நீதான் விக்ராந்த்"னு சொல்லிட்டார். பெரிய கப்பல் மாதிரி ஓயாம வயர்லெஸ் செய்தி அனுப்பணும், அவ்வளவுதான் வேலை. நம்ம ஐடி பாஷையில சொன்னா, இது ஒரு ஹனிபாட். உண்மையான சர்வர் வேற இடத்துல பத்திரமா இருக்கும். ஹேக்கர் வந்து விழறது போலி சர்வர்ல.

காஸி விசாகப்பட்டினத்துக்கே வந்துச்சு. டிசம்பர் 3 நள்ளிரவு வாக்குல ராஜ்புத் துறைமுகத்தை விட்டு வெளிய வந்தப்போ, தண்ணியில ஏதோ கலங்கறதைப் பார்த்து டெப்த் சார்ஜ் போட்டுச்சு, அதாவது ஆழத்துல போய் வெடிக்கிற குண்டு. கொஞ்ச நேரத்துல ஊரே கேட்கற அளவுக்குப் பெரிய வெடிச்சத்தம். மறுநாள் மீனவர்கள் கடல்ல மிதந்த பொருட்களைக் கொண்டுவந்து கொடுத்தாங்க. காஸியில இருந்த 90-க்கும் மேற்பட்டவங்கள்ல ஒருத்தர்கூடப் பிழைக்கல.

காஸியை மூழ்கடிச்சது யாரு? ராஜ்புத்தோட குண்டுதான்னு இந்தியா சொல்லுது. உள்ளேயே நடந்த வெடிவிபத்து, இல்லேன்னா அது விதைச்ச கண்ணிவெடியே காரணம்னு பாகிஸ்தான் சொல்லுது. ஐம்பது வருஷம் தாண்டியும் இந்தச் சண்டை தீரல. "நாமதான் முடிச்சோம்"னு ஒரே வரியில சொல்லிட்டுப் போறது ஈஸி. எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

ஏன்னா, குண்டு பட்டுச்சோ இல்லையோ, காஸி தேடி வந்த கப்பல் அங்க இல்லவே இல்ல. அது அந்தமான்ல இருந்து கிளம்பிப் போய், டிசம்பர் 4-ம் தேதி காக்ஸ் பஜார் மேல விமானத்தாக்குதலை ஆரம்பிச்சுது. நிச்சயமா சொல்லக்கூடிய வெற்றி இதுதான்.

ராஜ்புத் 1976-ல ஓய்வு பெற்றது. அடுத்த தடவை விசாகப்பட்டினம் போனீங்கன்னா, ஆர்.கே. பீச்சுல இருக்கிற போர் வெற்றி நினைவுச் சின்னத்தைப் பாருங்க. அப்படியே கடல் பக்கமும் ஒரு நிமிஷம் திரும்பி நில்லுங்க. வீடு திரும்பாத அத்தனை பேரும் அங்கதான் இருக்காங்க.