நீரில் நாட்டிய தூண்

சுவாமிமலை முருகனைத் தரிசிக்க அறுபது படி ஏற வேண்டும். பிரபவ முதல் அட்சய வரை வருஷத்துக்கு ஒரு படி. வருகிறவர்கள் அந்தப் படிகளை எண்ணாமல் போவதில்லை. காவிரிக்கு இறங்கும் படிகளைத்தான் யாரும் எண்ணுவதில்லை.

சென்ற சித்திரையில் அந்தப் படித்துறையில் போய் உட்கார்ந்தேன். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கடைசிப் படி மணலில் போய் முடிந்தது. கல் ஒன்றுகூடப் பெயரவில்லை. ஆனாலும் இடிந்த கட்டடத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கட்டியவர்கள் பாதிதான் கட்டினார்கள். மீதியை ஆறு வந்து கட்ட வேண்டும்!

நீரையும் ஒரு கட்டடச் சாமானாக நினைத்த அரசன் ஒருவன் நம் பக்கத்திலேயே இருந்தான். மறுநாள் அவன் ஊருக்குப் பஸ் ஏறினேன். கும்பகோணம் தாண்டி, அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்தால் கங்கைகொண்ட சோழபுரம்.

ராஜேந்திர சோழனின் படை கங்கை வரை சென்று 1023 வாக்கில் திரும்பியது. வென்ற மன்னர்கள் கல்லில் தூண் நாட்டுவது வழக்கம். இவனோ ஏரி கண்டான். சோழகங்கம் என்று பேர். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அதை நீராலான ஜயஸ்தம்பம் என்கின்றன. தூண் நிற்கும், நீர் கிடக்கும். கிடப்பதைத் தூண் என்று சொல்ல என்ன துணிச்சல்!

அந்த ஏரியின் கரை பதினாறு மைல் நீளம். கல்தூணை ஒரு தடவை நட்டால் போதும். நீர்த்தூணை வருஷா வருஷம் நட வேண்டும்: கரைக்கு மண் போட்டு, வாய்க்காலில் தூர் எடுத்து, மதகைக் காத்து. 1279-க்குப் பிறகு சோழர்கள் இல்லை; ஏரியும் தூர்ந்து போயிற்று. பொன்னேரி என்ற பேரில் அதன் மிச்சம்தான் இன்று இருக்கிறது.

கல்லாவது தப்பியதா என்றால், அதுவும் இல்லை. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, இந்தக் கோயில் மதிலை இடித்துக் கல்லைக் கொண்டுபோனார்கள். தடுத்த ஊராருக்குத் தண்டனை கிடைத்தது. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகக் கும்பெனி அதிகாரிகள் சொன்னார்கள், கட்டவில்லை. காலையில் நான் கடந்து வந்த அணை அதுதான். கல்லுக்குப் பதில் நீரை நாட்டியவனின் கல், கடைசியில் நீரை மறிக்கப் போயிற்று.

ஆடிப் பெருக்கன்று மறுபடி சுவாமிமலைப் படித்துறைக்குப் போனேன். எண்ணினேன். ஐந்து படிதான் வெளியே தெரிந்தது. மற்றதெல்லாம் தண்ணீருக்குள்.

கட்டடம் முடிந்திருந்தது, இந்த வருஷத்துக்கு.