துறையும் உரையும்



ஞாயிற்றின் போக்கைக் கொண்டு எழுவான்கரை, படுவான்கரை என்று இரு கரைக்கும் பெயரிட்டனர் நம் முன்னோர். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி இக்கரைகளைப் பிரித்தது என்பர். பிரித்த வாவியே முன்பின் அறியாதாரைப் பேசவும் வைத்தது என்பதை ஈண்டுக் காட்ட விழைகின்றேன்.

மண்முனை, அம்பிலாந்துறை, குருமண்வெளி முதலிய துறைகளை நினைமின். படுவான்கரை நெல்லும் தயிரும் கொண்டு வந்தோரும், எழுவான்கரை மீனும் புடைவையும் கொண்டு சென்றோரும், கொக்கட்டிச்சோலைக்கும் மண்டூருக்கும் நேர்த்தி வைத்துப் போன அடியாரும், தமிழரும் முஸ்லிம்களும் அங்கே ஒரே பாதைக்காகக் காத்து நின்றனர். அவசரப்பட்டுப் பயனில்லை, பாதை வரும்போதுதான் வரும். ஏறியபின் உயர்ந்த இடம், தாழ்ந்த இடம் என்பதும் பெரிதில்லை. அக்கரை சேர்ந்ததும் பிரிந்துவிடலாம் ஆதலால், பேசுவதாற் பின்னொரு சுமையும் இல்லை. ஆகவே, “எந்த ஊர் மனே?” என்று ஒரு முதியவர் தொடங்குவார், ஊர் கேட்டு, குடி கேட்டு, துறை சேருமுன் ஓர் உறவுமுறையும் கண்டுவிடுவார்.

இத்தகைய உரையாடலுக்குப் பழைய சான்றொன்றும் உண்டு. இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டென்னன்ட் 1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தார். வாவியில் எழும் இன்னோசையைப் பற்றி மீனவரை அழைத்து வினவினார். தம் தந்தையர் காலந்தொட்டு அறிந்த செய்தி அது என்றும், ஓசை எழுப்புவது மீன் அன்று, ஊரியே என்றும் அவர்கள் கூறினர். நிலவு எழுந்தபின் அவர்களுடன் படகிற் சென்ற டென்னன்ட், படகின் மரத்திற் காதை வைத்தபோது ஓசை மிகுந்து கேட்டதாக எழுதி வைத்தார். நிலத்தில் அவர் அதிகாரி. நீரிலோ மீனவரே அறிந்தோர், அவர் கேட்போர்.

எனினும், நீரும் மரமும் மட்டும் போதா. போர்க்காலத்தில், 2007ஆம் ஆண்டுவரை, படுவான்கரை பல ஆண்டுகள் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும், எழுவான்கரையின் பெரும்பகுதி அரச படையினரின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. வாவியே எல்லையாயிற்று. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சிய காலமும் அதுவே. அதே துறை, அதே பாதை; ஆனால் “எந்த ஊர்?” என்ற அன்பு வினா, சோதனையிடுவோனின் வினாவாக மாறிற்று. அச்சம் புகுந்த இடத்தில் உரையாடல் ஒடுங்கும்.

போர் ஓய்ந்தபின் பாலங்கள் வந்தன. கல்லடியில் 1924இல் அமைந்த சீமாட்டி மனிங் பாலத்தின் அருகே 2013இற் புதிய பாலமும், மண்முனையில் 2014இல் ஒரு பாலமும் திறக்கப்பட்டன. நள்ளிரவில் நோயாளியைக் கொண்டு செல்வோர்க்கு இவை செய்த நன்மையை மறப்பது நன்றியன்று. ஆயினும், ஓரிரு நிமிடத்தில் மோட்டார் சைக்கிளிற் கடப்பவர் யாரோடு பேசுவார்? அச்சம் நீங்கியது, கூடிக் காத்திருத்தலும் உடன் நீங்கியது.

பேச விருப்பம் அற்றுப்போயிற்றா? இல்லை. சிக்காகோப் பல்கலைக்கழகத்து நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்போர் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றுண்டு. புகைவண்டியில் அயலாரோடு பேசுவது இன்பம் தராது என்றே பயணிகள் எண்ணினர். பேசியவர்களோ, தனித்திருந்தோரினும் இனிய பயணம் பெற்றதாகக் கூறினர். மற்றவர் பேச விரும்பார் என ஒவ்வொருவரும் கருதியதே தடையாயிற்று.

அத்தடையை அன்று துறை தானாகவே நீக்கிற்று. இன்று நாம் முயன்று நீக்கல் வேண்டும். பாலத்தடியிலும் பஸ் தரிப்பிடத்திலும் நிழலோடு ஒரு வாங்கு இடுவோம். வாசிகசாலையை அயலூரார்க்கும் அயற்சமயத்தார்க்கும் திறந்து வைப்போம். திருவிழா அன்னதானப் பந்தியில் அறியாதவர் அருகே அமர்வோம். வாலிபர் சங்கத்தினரே, அங்கே முதல் வினாவை நாமே தொடுப்போமாக.