மேடைக்கு முன்னால் யாருக்கு இடம்?

ஆலிஸ் பேக், லாஸ் ஏஞ்சலஸின் கிழக்குப் பகுதியில், மெக்சிகோவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர். 1977இல் தோழி பாட்ரிசியா மோரிசனுடன் 'தி பேக்ஸ்' என்ற பங்க் இசைக்குழுவைத் தொடங்கி, மேடையேறி அலறினார். அந்த அலறல் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை 2011இல் வெளியான 'வயலன்ஸ் கேர்ள்' என்ற தன்வரலாற்றில் அவரே எழுதினார். ஹார்ட்கோர் பங்கின் கதை வழக்கமாகச் சட்டையைக் கழற்றிவிட்டு ஆடும் இளைஞர்களோடு தொடங்கும். நான் ஆலிஸோடு தொடங்குகிறேன்.

1980ஐ ஒட்டி கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் பங்க் இசை இன்னும் வேகமாகியது, இன்னும் சுருங்கியது. அதுவே ஹார்ட்கோர். வாஷிங்டனின் 'மைனர் த்ரெட்' 1981இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் எட்டுப் பாடல்கள். மொத்தம் பத்து நிமிடம்கூட இல்லை. குருவிடம் பல ஆண்டுகள் உட்கார்ந்து கற்கவேண்டிய இசை அல்ல இது. சில கிட்டார் கார்டுகள், மூச்சுவிடாத டிரம்ஸ், தொண்டை கிழியும் குரல். கூட்டத்தில் நிற்பவர் மைக்கைப் பிடுங்கிப் பாடலாம். அடுத்த வாரம் அவரே ஒரு குழுவைத் தொடங்கலாம். சொல்ல ஏதோ இருக்கிறது என்பதே போதுமான தகுதி. 'மெதுவாகப் பேசு' என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு இதைவிடப் பெரிய அழைப்பு எது?

ஆனால் மேடைக்கு முன்னால் இருந்த தரை வேறு கதை சொன்னது. ஒருவரையொருவர் மோதித் தள்ளும் ஆட்டம் அங்கே வழக்கமானது. முழங்கையும் பூட்ஸும் யாருக்கு இடம் என்று முடிவு செய்தன. ஆடப்போன நண்பர்களின் கோட்டுகளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றதை அக்காலப் பெண்கள் பின்னாளில் கசப்போடு நினைவுகூர்ந்தார்கள்.

ஓரத்தில் நின்றவர்கள் சும்மா நிற்கவில்லை. 1981இல் ஷரோன் செஸ்லோவும் தோழிகளும் வாஷிங்டனில் 'சாக் சர்க்கிள்' என்ற பெண்கள் குழுவை நடத்தினார்கள். மைனர் த்ரெட்டின் 1983ஆம் ஆண்டு இசைத்தட்டின் அட்டையில், வெள்ளை மந்தையை விட்டுத் துள்ளி ஓடும் கறுப்பு ஆட்டை வரைந்தவர் சிந்தியா கானலி. அந்நகரத்து பங்க் வாழ்வைப் படங்களாகத் தொகுத்த 'பேன்ட் இன் டி.சி.' நூலை 1988இல் கொண்டுவந்தவர்கள் கானலி, செஸ்லோ, லெஸ்லி கிளாக் என்ற மூன்று பெண்கள். கலிஃபோர்னியாவில் கீரா ரோஸ்லர், பல்கலைக்கழகப் படிப்பையும் விடாமல், 1983 முதல் 1985 வரை 'பிளாக் ஃபிளாக்' குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தார்.

1985இல் வாஷிங்டன் நிகழ்ச்சிகளில் அடிதடி மிகுந்து, பலர் விலகிப் போயிருந்தார்கள். அப்போது 'புரட்சிக் கோடை' என்ற அறைகூவலோடு பெயரில்லாத துண்டுக் கடிதங்களை நண்பர்களுக்கு அனுப்பியவர் ஏமி பிக்கரிங். அந்தக் கோடையில் புதிய குழுக்கள் பிறந்தன. அவரும் பிறகு 'ஃபயர் பார்ட்டி' என்ற பெண்கள் குழுவின் பாடகியானார்.

1991இல் 'பிகினி கில்' குழு வாஷிங்டனுக்கு வந்தது. பெண்கள் முன்னால் வரட்டும், ஆண்கள் பின்னால் நகரட்டும் என்று மேடையிலிருந்து சொல்வதைப் பாடகி கேத்லீன் ஹன்னா வழக்கமாக்கினார். பெண்கள் கூடிப் பேசினார்கள். வன்முறையையும் பாலியல் அத்துமீறலையும் பற்றித் தாங்களே எழுதி, நகலெடுத்து, சிற்றிதழ்களாகக் கைக்குக் கை கொடுத்தார்கள். 'ரயட் கேர்ள்' என்று பெயர்பெற்ற அந்த இயக்கம் பெரும்பாலும் வெள்ளைப் பெண்களுடையதாக இருந்ததைக் கறுப்பினப் பெண்கள் அதே சிற்றிதழ் வடிவத்திலேயே சுட்டிக்காட்டினார்கள். ஆலிஸ் பேக்கை முதலில் வைக்க எனக்கு அதுவும் ஒரு காரணம்.

சத்தத்தைக் குறைக்கச் சொல்லி இந்தப் பெண்களில் யாரும் கேட்கவில்லை. அந்த வேகமும் கோபமும் அவர்களுக்குப் பிடித்திருந்தன. நெரிபடாமல் நின்று, தாங்களும் கத்துவதற்கு மேடைக்கு முன்னால் நாலடி இடம் கேட்டார்கள்.