சங்குப்பூ: காய்ந்த காயிலிருந்து பூக்கும் கொடி
முதன்முறையாகப் பூச்செடி வளர்ப்போருக்கு நீலச் சங்குப்பூ ஏற்றது. சிங்கப்பூரின் பூங்காக்களில் அனுமதியின்றிச் செடியின் எந்தப் பாகத்தையும் பறிப்பது குற்றம். எனவே, கொடி வைத்திருக்கும் அண்டைவீட்டாரிடம் கேட்டு வாங்குங்கள்.

பச்சைக் காயில் விதை முற்றியிருக்காது. கொடியிலேயே பழுப்பாகிக் காய்ந்த காயைப் பறிக்கவேண்டும். தாமதித்தால் அது வெடித்து விதை சிதறிவிடும்.

விதைத்தோல் கடினமானது. நகவெட்டியால் சிறு கீறலிட்டு, ஓர் இரவு ஊறவைத்து, உப்பிய விதைகளை 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். ஓரிரு வாரத்தில் முளைக்கும். கொடிக்கு நல்ல வெயிலும் படரக் கம்பும் தேவை. தொட்டித்தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகும், அன்றாடம் கொட்டிவிடுங்கள்.

விதையை உண்டால் வயிற்றுப்போக்கு ஏற்படலாம். எஞ்சியவற்றைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.