தட்டம்மையும் திமிங்கல வேட்டையும் - ஃபேரோ தீவுகள், 1846

ஒருவர் இருமினால் பக்கத்தில் இருப்பவருக்கு நோய் தொற்றும். இது இன்று எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது, எத்தனை நாள் கழித்து அது வெளியே தெரிந்தது என்று கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமல்ல. பெரிய நகரத்தில் ஒருவர் ஒரே நாளில் எத்தனையோ பேரைச் சந்திக்கிறார். அவர்களில் நோயைக் கொடுத்தவர் யார் என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்த இடம், நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபேரோ தீவுகள்.

மொத்தம் 18 தீவுகள். 1846-ல் அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 7,800 பேர். டென்மார்க்கின் ஆட்சி. தீவுகளின் வியாபாரம் முழுவதும் அரசாங்கத்தின் கையில்தான் இருந்தது. அந்த ஏகபோகம் 1856-ல்தான் ஒழிந்தது. அதனால் வெளியூர்க் கப்பல்கள் வருவது குறைவு, புது மனிதர்கள் வருவது இன்னும் குறைவு. 1781-ல் ஒரு முறை தட்டம்மை வந்து போனது. அதற்குப் பிறகு 65 வருடங்கள் அந்த நோயே அங்கே இல்லை!

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் அதில்தான் ஆபத்தும் இருந்தது. தட்டம்மை வராத ஊரில் யாருக்கும் எதிர்ப்பு சக்தியும் இருக்காது.

1846 மார்ச் 20 அன்று கோபன்ஹேகனிலிருந்து ஒரு தச்சர் கப்பல் ஏறினார். 28-ம் தேதி டோர்ஷான் துறைமுகத்தில் இறங்கினார். பயணத்தில் அவருக்கு ஒன்றும் இல்லை. ஏப்ரல் தொடக்கத்தில் உடம்பில் தட்டம்மை கண்டது. அடுத்து விழுந்தவர்கள் அவருடைய நெருங்கிய நண்பர்கள் இருவர். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் பரவியது. சுமார் ஆறு மாதத்தில் ஏறத்தாழ 6,000 பேருக்கு வந்துவிட்டது. அதாவது நான்கு பேரில் மூன்று பேருக்கு!

நிலைமையைக் கவனிக்க டென்மார்க் அரசு அனுப்பிய மருத்துவர்களில் ஒருவர் பீட்டர் லுட்விக் பானும். அப்போது அவருக்கு வயது 25. படிப்பை முடித்து அதிக நாள் ஆகவில்லை. அவர் கிராமம் கிராமமாகப் போனார். நோயாளியைப் பார்த்ததோடு நிற்கவில்லை. எந்தத் தேதியில் தடிப்பு வந்தது, அதற்கு முன்பு எங்கே போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் விசாரித்தார்.

ஃபேரோ மக்கள் மலையும் கடலும் பிரித்த சின்னச் சின்னக் கிராமங்களில் வாழ்ந்தார்கள். சாதாரண நாட்களில் பக்கத்து ஊர்க்காரரைப் பார்ப்பதே அபூர்வம். அதனால் எப்போது எங்கே கூடினோம் என்பது அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. அப்படிப் பல ஊர்க்காரர்களும் கூடும் ஒரு நிகழ்ச்சி திமிங்கல வேட்டை. திமிங்கலக் கூட்டம் கண்ணில் பட்டால் சுற்றுவட்டாரப் படகுகள் எல்லாம் வந்துவிடும். கரைக்கு ஒதுக்கிப் பிடித்து, இறைச்சியைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்த மக்களுக்கு அதுதான் முக்கியமான உணவு. நோய்க்குப் பயந்து போகாமல் இருக்க முடியாது.

ஜூன் 4 அன்று வெஸ்ட்மன்னா என்ற ஊரில் வேட்டை நடந்தது. ட்யோர்னுவிக் என்ற கிராமத்திலிருந்து ஒரு படகில் பத்துப் பேர் போனார்கள். அவர்கள் ஊரில் அதுவரை தட்டம்மை இல்லை. ஜூன் 18 அன்று அந்தப் பத்துப் பேருக்கும் உடம்பில் தடிப்பு வந்தது. ஒரே நாளில் தொற்றி, சரியாக 14-ம் நாளில் பத்துப் பேருக்கும் வெளியே தெரிந்தது! அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம் ஊர் அமைதியாக இருந்தது. பின் வீட்டில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மொத்தமாகப் படுத்தார்கள்.

தொற்றிய நாளிலிருந்து தடிப்பு வரை 13, 14 நாட்கள் ஆகும் என்று பானும் முடிவு செய்தது இப்படித்தான். கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று பல மருத்துவர்கள் நம்பிய காலம் அது. காற்று எல்லா ஊருக்கும் பொதுதானே? ஆனால் வெளியாட்களை உள்ளே விடாத ஊர்கள் தப்பித்தன. ஆகவே தட்டம்மையைத் தூக்கிக்கொண்டு போவது மனிதர்கள்தான் என்றார் அவர். 1781-ல் நோய் வந்து பிழைத்த 98 முதியவர்களையும் அவர் பார்த்தார். ஒருவருக்குக்கூட இரண்டாம் முறை வரவில்லை. அப்போது தப்பித்திருந்த முதியவர்களையோ இந்த முறை நோய் விடவில்லை.

இவை எல்லாம் 1847-ல் அவருடைய அறிக்கையாக வெளிவந்தன. தட்டம்மை வைரஸைப் பிரித்தெடுத்தது 1954-ல்தான். அதாவது கிருமியைக் கண்ணால் காண்பதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே, அது போகும் பாதையை அவர் கண்டுபிடித்துவிட்டார்!

அவர் சொன்ன எல்லாமே சரியல்ல. தடிப்பு வரும் சமயத்தில்தான் நோய் தொற்றும் என்று அவர் நினைத்தார். தடிப்புக்கு நான்கு நாள் முன்பிருந்தே தொற்றும் என்பது இன்று தெரியும். அதனால்தான் நோயாளி தன்னை நோயாளி என்று அறியாமலே கூட்டத்துக்குப் போய்விடுகிறார்.

பானும் கேட்ட அதே கேள்வியைப் பிற்காலத்தில் பெரிய அளவில் கேட்டார்கள். ஐரோப்பாவில் 8 நாடுகளில் 7,290 பேர், ஒரு நாளில் தாங்கள் யார் யாரைச் சந்தித்தோம் என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். 2008-ல் வெளியான அந்த ஆய்வில் 97,904 சந்திப்புகள் பதிவாயின. மனிதர்கள் பெரும்பாலும் தங்கள் வயதுக்காரர்களோடுதான் கலக்கிறார்கள், அதிலும் பள்ளி வயதுப் பிள்ளைகள் மிக அதிகமாகக் கலக்கிறார்கள் என்று தெரிந்தது. பள்ளிகளை மூடுவது பற்றிய கணக்குகளுக்கு இத்தகைய குறிப்பேடுகள்தான் ஆதாரம்.

ட்யோர்னுவிக் படகுக்காரர்கள் செய்தது தவறு என்று சொல்ல முடியுமா? குடும்பத்துக்குச் சாப்பாடு கொண்டுவரப் போனார்கள். சாப்பாட்டோடு நோயும் வந்தது. மனிதர்கள் கூடாமல் வாழ முடியாது. எங்கே, யாரோடு, எப்போது கூடுகிறோம் என்று கவனித்துக் குறித்து வைக்க முடியும். 25 வயது இளைஞர் ஒருவர் 1846-ல் செய்த வேலை அதுதான்.